வெள்ளைப் பாறைக்கு ஏன் சுவர் இல்லை?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

தென் இங்கிலாந்துக் கடற்கரை ஊரான சீஃபோர்டு பற்றிய உங்கள் பயணக் குறிப்பில் இருந்த வெள்ளைப் பாறைப் படத்தை, அதேபோன்ற பாறைக்குப் பேர்போன டோவர் என்றே நினைத்தேன். அந்தப் பாறை நாங்கள் பள்ளியில் எழுதிய சாக்குக்கட்டிதானா? ஆண்டுதோறும் இடிந்து விழுகிறது என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அவ்வளவு அழகை ஒரு சுவர் எழுப்பிக் காப்பாற்றக் கூடாதா? மே மாதம் மகன் அங்கே அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறான்.

க., கோவை

அன்புள்ள க.,

டோவர் என்று நினைத்ததில் தவறில்லை. சினிமாக்காரர்களே டோவருக்குப் பதிலாக இங்கே வந்துதான் படமெடுக்கிறார்கள்.

இன்றைய சாக்குக்கட்டி பெரும்பாலும் ஜிப்சம். ‘சீமைச் சுண்ணாம்பு’ என்ற பழைய பெயருக்கு உண்மையான உரிமை இந்தப் பாறைக்குத்தான். 8 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, கண்ணுக்குத் தெரியாத கடற்பாசிகளின் சுண்ணாம்புத் தகடுகள் கடலடியில் படிந்து இறுகியது இது. தென் இங்கிலாந்து நெடுக ஓடும் ஓர் அடுக்குக்கு நிலவியலாளர்கள் ‘சீஃபோர்டு சாக்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சிற்றூருக்கு இது பெரிய பட்டம்!

சுவருக்கு வருகிறேன். பாறை வெள்ளையாக இருப்பதே அது இடிவதால்தான். அலை அடியை அரிக்கிறது, மேலே உள்ளது சரிகிறது, புது முகம் தெரிகிறது. இதே கரையில், பிரைட்டனிலிருந்து சால்ட்டீன் வரை 1930களில் குன்றடியில் சுவரும் நடைபாதையும் கட்டினார்கள். அலை எட்டாத இடத்தில் பாறை மங்கும், புல் முளைக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் கூழாங்கல். சுண்ணாம்புக்குள் வரிவரியாகச் சக்கிமுக்கிக் கல் இருக்கிறது. பாறை விழுந்ததும் சுண்ணாம்பு கரைந்துபோகும். இந்தக் கல் மட்டும் உருண்டு கரையாகும். அந்தக் கரைதான் ஊரின் காவல். சுவர் எழுப்பிப் பாறை விழாமல் தடுத்தால் இந்தக் கல்லும் வராது. சீஃபோர்டு ஒருகாலத்தில் துறைமுகம். 16-ஆம் நூற்றாண்டில் ஊஸ் ஆற்றின் முகத்துவாரம் மேற்கே நியூஹேவனுக்குப் போனது, துறைமுகமும் போயிற்று. 19-ஆம் நூற்றாண்டில் அதே நியூஹேவன் நீண்ட அலைத்தடுப்புச் சுவர் கட்டியதும், மேற்கிலிருந்து நகர்ந்து வந்த கூழாங்கல்லும் நின்றது. ஆறும் போய்க் கல்லும் போன ஊர்! 1987-இல் கடலடியிலிருந்து கல்லை அள்ளி வந்து கரையை நிரப்பினார்கள். கிழக்கே ஒதுங்குவதை லாரிகளில் ஏற்றி மேற்கே கொட்டும் வேலை அதன் பிறகும் ஓயவில்லை. ஓரிடத்தில் எழுப்பிய சுவருக்கு இன்னோர் ஊர் செலுத்தும் வாடகை இது.

கிழக்கே பெல் டூட் என்ற பழைய கலங்கரை விளக்கம் பின்னாளில் வீடாகியிருந்தது. விளிம்பு நெருங்கி வந்தபோது, 1999-இல், 850 டன் கட்டடத்தை அப்படியே தூக்கி 17 மீட்டர் உள்ளே தள்ளி வைத்தார்கள். எனக்கு அந்த வழி பிடித்திருக்கிறது.

மகனோடு போகும்போது விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளியே நில்லுங்கள். காலடியில் புல் இருக்கும், புல்லுக்கு அடியில் பாறை இல்லாமல் போயிருக்கலாம். கீழே இறங்கினால் பாறையை ஒட்டி உட்கார வேண்டாம்.