பாட்டியின் லத்தீன்

ஐயா, வணக்கம். பதினான்காம் நூற்றாண்டு இங்கிலாந்தின் இறையியலாளர் ஜான் விக்லிஃப் பற்றிப் படிக்கிறேன். ஆங்கில பைபிளை அவரே மொழிபெயர்த்தாரா? மறைநூலைப் பாமரர் பேச்சுக்கு இறக்கினால் அதன் புனிதம் குறைந்துவிடாதா?
— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவர் தனியாகச் செய்யவில்லை. அவர் கருத்துகளை ஏற்ற ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் சேர்ந்து செய்தது. அவர் கை அதில் எவ்வளவு என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள், வாதாடட்டும். 1384இல் இறந்தவரின் எலும்பைத் திருச்சபை 1428இல் தோண்டி எரித்து, சாம்பலை ஸ்விஃப்ட் ஆற்றில் கரைத்த கதையை நீங்களே படித்திருப்பீர்கள்.

"இறக்கினால்" என்று எழுதிவிட்டீர்களே, அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. உங்களுக்கு முன்பே இதைச் சொன்னவர் ஒருவர் உண்டு. லெஸ்டர் மடத்துத் துறவி ஹென்றி நைட்டன். விக்லிஃப் நற்செய்தியைப் பாமரருக்கும் படிக்கத் தெரிந்த பெண்களுக்கும் திறந்துவிட்டார், முத்தைப் பன்றிகள் மிதிக்கின்றன என்று புலம்பினார். யாரோடு போய் நிற்கிறீர்கள், பாருங்கள்.

புனிதம் கெடுமே என்ற பயம் அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இருந்தது. அதனால் முதல் பைபிளில், திருச்சபை படித்துவந்த லத்தீன் பைபிளைச் சொல்லுக்குச் சொல் பின்தொடர்ந்தார்கள். விளைவு? "ஆண்டவரை அவர் எதிரிகள் அஞ்சுவர்" என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் எப்படிப் புரட்டிப் போட்டாலும் "ஐ" உருபு பொருளைக் காப்பாற்றிவிடும். ஆங்கிலத்தில் உருபு இல்லை. லத்தீன் வரிசையிலேயே வைத்தால் ஆண்டவர்தான் எதிரிகளுக்கு அஞ்சுகிறார் என்றும் படிக்கலாம்! மூலத்துக்குப் பயந்து மூலத்தையே கவிழ்த்த கதை. மறுபடி உட்கார்ந்து திருத்தினார்கள். திருத்திய பைபிளின் முன்னுரையே இந்த வரியை எடுத்துக்காட்டி, சொல்லை மட்டும் பார்க்காதே, வாக்கியத்தின் கருத்தைப் பார் என்கிறது. 1409இல் ஆர்ச்பிஷப் அருண்டெல் அனுமதியில்லாத ஆங்கில பைபிள்களுக்குத் தடை போட்டார். ஆனாலும் சுமார் 250 கையெழுத்துப் படிகள் தப்பி நிற்கின்றன.

என் பாட்டி முப்பது வருடம் லத்தீன் பூசை கண்டவர். "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று சாமியார் லத்தீனில் சொன்னதும், பூசைக்கு உதவும் பையன்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய பதிலை, "எத் கும் ஸ்பிரித்து துவோ" என்று பிசகாமல் முணுமுணுப்பார். அறுபதுகளில் பூசை தமிழுக்கு வந்தது. அந்த ஞாயிறு கோயிலிலிருந்து வந்தவர் முக்காட்டைக்கூட எடுக்காமல் திண்ணையில் உட்கார்ந்தார். "உமது ஆன்மாவோடும் இருப்பாராகன்னா சொல்லிட்டிருந்தேன்? அப்ப இத்தனை வருசமா சாமியாருக்கு நான்ல ஆசீர்வாதம் சொல்லியிருக்கேன்" என்றார். கண் நிறைந்திருந்தது.

அடுத்த ஞாயிறிலிருந்து அந்தப் பதிலை அவர் முணுமுணுக்கவில்லை. சாமியாரை நேராகப் பார்த்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.