புயலுக்கு நிற்கும் புன்னை

கேள்வி: திருவான்மியூரில் கடற்கரைக்கு அருகில் குடியிருக்கிறோம். 2016 டிசம்பரில் வீசிய வர்தா புயலில் வீட்டு முன்புறம் நின்ற குல்மொகர் வேரோடு சாய்ந்து சுற்றுச்சுவரை இடித்துவிட்டது. அந்த இடத்தில் ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கக்கூடிய, உப்புக் காற்றைத் தாங்கும் நம் மண்ணின் மரம் ஒன்றைச் சொல்லுங்கள்.
– வாசகி, திருவான்மியூர்

பதில்: உங்கள் மணற்பாங்கான நிலத்துக்குத் தயக்கமின்றிப் புன்னையைச் சொல்வேன். பழந்தமிழ்ப் பாடல்களில் நெய்தல் நிலத்து மரமாக வருவதும், மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தலமரமாக நிற்பதும் இதுவே. தடித்துப் பளபளக்கும் அதன் இலை கடற்காற்றுக்குக் கருகாது. கோடையிலும் மரம் மொட்டையாக நிற்பதில்லை. வளர்ச்சி மட்டும் மெதுவானது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் கன்று அப்படியே நிற்பதுபோல் தோன்றும். அதற்காக மனம் தளர்ந்து, விரைவாக வளர்ந்து விரைவாக முறியும் அயல்மரம் ஒன்றை மீண்டும் கொண்டுவந்து வைத்துவிடாதீர்கள்.

கன்றைத் தேர்ந்தெடுக்கும்போது உயரத்தைப் பார்க்காமல் வேரைப் பாருங்கள். நாற்றங்காலில் நெடுநாள் கிடந்த கன்றின் வேர், போக இடமின்றிப் பையின் அடியில் வளையம் வளையமாகச் சுற்றியிருக்கும். அப்படிச் சுற்றிய வேர் மண்ணுக்குள் போன பிறகும் தானாக நேராவதில்லை. நாற்புறமும் பரவி நிலத்தைப் பற்றாத அந்த மரத்தைக் காற்று எளிதில் தள்ளிவிடும். ஆகவே, இரண்டடி உயரமுள்ள இளங்கன்றே போதும்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம். கெட்டியான ஓட்டோடு ஊன்றினால் முளைக்க ஏறக்குறைய 2 மாதமாகும். சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி ஓட்டை நீக்கி, பருப்பை நசுங்காமல் எடுத்து ஊன்றினால் 3 வாரத்தில் முளைவிடும். முன்பு விளக்கெரிக்க எண்ணெய் தந்த இந்தப் பருப்பு உண்ணத் தகாதது என்பதால், குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புன்னை அகலமாகப் படரும் மரம். சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி, 3 அடிக் குழியில் செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் கலந்து, ஆவணியிலோ புரட்டாசியிலோ நடுங்கள். ஐப்பசி மழை வலுக்கும் முன் வேர் பிடித்துவிடும். முதல் இரண்டு கோடையில் தண்ணீரைத் தண்டின் அடியிலேயே ஊற்றாமல், சற்றுத் தள்ளி வட்டமாகப் பாத்தி கட்டி நிறைய விடுங்கள். ஈரத்தைத் தேடி வேர் வெளியே பரவும். அடிமரத்தைச் சுற்றிச் சிமென்ட் பூசவே கூடாது.

கேள்வி: எங்களுக்குப் பத்தடி இடம்தான் இருக்கிறது. அதில் புன்னை வைக்கலாமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: வேண்டாம், நெருக்கடியாகிவிடும். மகிழம் வையுங்கள். அதுவும் பசுமை மாறாத நம் நாட்டு மரம்தான். கிளைகளை அவ்வப்போது கழித்து அடக்கமாக வைத்துக்கொள்ளலாம். உதிர்ந்த பூக்களைப் பொறுக்கி ஒரு தட்டில் வைத்தால், காய்ந்த பின்னும் மணம் போகாது.