இருபதும் புதுப் பாட்டு வேண்டாம்

தம்பி, திருச்சியிலிருந்து ஞாயிறு ராத்திரி சிங்கப்பூர் லிட்டில் இந்தியா கச்சேரிக்கு வர்றீங்க, 20 பாட்டுமே புதுசு, எடுபடுமான்னு கேட்டிருந்தீங்க. கஷ்டம்தான். முன்னாடி உள்ளூர்க் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். அவங்களுக்கு 80கள் மெலடி. பின்னாடி, இங்க விடுதியில தங்கி வேலை செஞ்சு, லீவு நாள்ல வந்து நிக்கிற நம்மூர்ப் பையன்கள். அவங்களுக்கு நாலு கிராமியக் குத்து.

முக்கியமா 'முன்னேறு வாலிபா'வை மனப்பாடம் பண்ணிட்டு வாங்க. இங்க தேசிய தினத்துக்குப் பாடுற தமிழ்ப் பாட்டு. சீன, மலாய்ப் பிள்ளைகளும் பள்ளியில் தமிழிலேயே பாடிப் பழகினது. ஒருமுறை ஒரு குழு கீபோர்டில் முதல் வரியை வாசிச்சதுதான் தாமதம், ஸ்பீக்கர் பக்கத்தில் நின்ன சீனக் காவலாளி வாய்விட்டுப் பாட ஆரம்பிச்சிட்டார்! (உச்சரிப்பு நம்ம பாடகரைவிடத் தேவலை.)

நல்ல குத்துப் பாட்டைக் கடைசிக்கு ஒளிச்சு வைக்காதீங்க. விடுதி பஸ்ஸைப் பிடிக்கப் பையன்கள் முன்னாடியே கிளம்பிடுவாங்க.