இராகத்தலைவனிடம் ஒப்புவிக்கப்பட்டது

ஐயா, வணக்கம். எனக்கு 43 வயது. அம்மா படுக்கையில் விழுந்து நான்கு வருடம் ஆகிறது. பள்ளிக்கூட வேலை, சமையல், ராத்திரி இரண்டு முறை எழுந்து அம்மாவைப் புரட்டிப் படுக்கவைப்பது, ஞாயிறு வந்தால் ஓய்வுநாள் பள்ளி. ஒரு வருடமாக ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை, தூக்கம்தான் வருகிறது. கர்த்தரை இன்னும் நம்புகிறேனா என்றே தெரியவில்லை. சபையில் ஒரு மூத்தவரிடம் சொன்னேன். விசுவாசம் குறைந்திருக்கிறது, அதிகாலை நாலு மணிக்கு எழுந்து ஜெபித்துப் பாரம்மா என்றார். படுக்கையில் கிடந்தே ஊழியம் செய்த டோனாவூர் மிஷனெரி அம்மாவை நினைத்துப் பார் என்றார். அண்ணன் சென்னையில், தம்பி துபாயில். 'உனக்குக் கிடைத்த பாக்கியம் அக்கா' என்று தம்பி போனில் சொல்லுவான். நாலு மணிக்கு எழ முடியாதது பாவமா? வேறு சபைக்குப் போய்ப் பார்க்கலாமா? இப்படிச் சோர்ந்து கிடக்கும்போது எப்படி நம்புவது? என் பெயர் வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் வேதாகமத்தில் 88ஆம் சங்கீதத்தைத் திறந்துவைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அதற்கு முந்தின வாரம் ஒரு துக்க வீட்டில் என் கையில் வேதாகமத்தைக் கொடுத்து ஏதாவது வாசியுங்கள் என்றார்கள். இதை எடுத்தேன். பாதிகூடத் தாண்டவில்லை, ஒரு பெரியவர் பின்னாலிருந்து தோளைத் தொட்டு, '23 வாசிங்க தம்பி' என்றார். கர்த்தர் என் மேய்ப்பர் என்கிற ஆறுதல் சங்கீதம் அது. வாசித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த விரல் தோளிலேயே இருந்தது.

முதலில் உங்கள் கேள்விகள். நாலு மணிக்கு எழாதது பாவமில்லை. ராத்திரி இரண்டு முறை எழுகிறவளுக்கு நாலு மணி அதிகாலையே இல்லை, நடு ராத்திரி. வேறு சபைக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம், அங்கேயும் ஒரு மூத்தவர் இருப்பார். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் படுத்துக்கொண்டு சாகக் கேட்ட கதையை நான் சொல்லப்போவதில்லை, அதை நீங்களே ஓய்வுநாள் பள்ளியில் பத்துத் தடவை சொல்லியிருப்பீர்கள். ஆனால் தூதன் அவனைத் தட்டி எழுப்பியது தழலில் சுட்ட அடையைத் தின்னச் சொல்லத்தான் என்பதை அந்த மூத்தவரிடம் யாராவது சொல்லலாம்.

சரி, அந்தச் சங்கீதத்துக்கு வருகிறேன். சங்கீதங்களில் புலம்பல்கள் நிறைய உண்டு. 'கர்த்தாவே, எதுவரைக்கும்' என்று ஆரம்பிக்கிற 13ஆம் சங்கீதம் ஆறே வசனம்தான், அதற்குள் அழுது, திரும்பி, பாட்டில் போய் முடிந்துவிடுகிறது. அநேகமாக எல்லாப் புலம்பலும் கடைசியில் எங்கோ ஒரு இடத்தில் திரும்பும். 88 மட்டும் திரும்பாது. 'என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே' என்று ஆரம்பிக்கிறது, நம்பிக்கை என்று சொல்ல அந்த முதல் வரியைத் தவிர வேறு வரி அதில் கிடையாது. அப்புறம் குழி, பாதாளம், அலைகள், முகத்தை மறைத்துக்கொண்ட தேவன். கடைசி வசனத்தில் சிநேகிதனும் தோழனும் விலக்கப்படுகிறார்கள், அறிமுகமானவர்கள் மறைந்துபோகிறார்கள், அதோடு முடிந்தது. எபிரேயத்தில் கடைசிச் சொல் இருள் என்பது. ஆமென் போட இடமே இல்லை.

என்னை நிறுத்தியது அதுகூட இல்லை. யாரும் வாசிக்காமல் தாண்டிப்போகிற அந்தத் தலைப்பைப் பாருங்கள். எஸ்ராகியனாகிய ஏமானின் போதக சங்கீதம், அது இராகத்தலைவனிடம் ஒப்புவிக்கப்பட்டது என்று இருக்கிறது. இராகத்தலைவன் என்றால் நம் பாஷையில் கொயர் மாஸ்டர். ஒரு மனுஷன் தேவனைப் பார்த்து ஏன் என்னைத் தள்ளிவிட்டீர் என்று கேட்டதை, அவன் பாயில் புரண்டு தனியாக அழுததாக விட்டுவிடாமல், வாத்தியம் வைத்துச் சபையாகப் பாடக் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தவனும் நேற்றுக் கல்யாணம் முடித்தவனும் சேர்ந்துதானே பாடியிருக்க வேண்டும்? நம் முன்னோர்களுக்கும் இது தெரிந்திருந்தது. ஆங்கிலத் திருச்சபையின் 1662ஆம் வருட ஜெபப்புத்தகத்தில் பெரிய வெள்ளி மாலை ஆராதனைக்கு 69ம் 88ம்தான் குறித்திருக்கிறது. கத்தோலிக்கக் குருக்களும் கன்னியரும் வெள்ளிக்கிழமை ராத்திரி படுக்கப்போகும் முன் சொல்கிற செபத்தில் இதே பாட்டுதான், வாராவாரம். நாம்தான் அதைத் துக்க வீட்டில்கூட வேண்டாம் என்கிறோம். நம் கூட்டங்களில் மேடை ஏறுகிற சாட்சி எல்லாமே முடிந்துபோன கஷ்டத்தைப் பற்றியது. வியாதி இருந்தது, போய்விட்டது, கடன் இருந்தது, அடைந்துவிட்டது. இன்னும் இருக்கிறது என்று சொல்கிறவளுக்கு மைக் கிடையாது. அவளுக்குக் கிடைப்பது நாலு மணி.

என் பெரியம்மா தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. ஊர்க் கோவிலில், அதாவது சர்ச்சில், கீர்த்தனை எடுத்துக்கொடுக்கிற குரல் அவளுடையது. 1978ல் அவளுடைய மகள் மஞ்சள்காமாலையில் இறந்தாள், 19 வயது. அதற்குப் பிறகு பெரியம்மா ஒரு ஞாயிறும் தவறாமல் அதே வரிசையில் அதே இடத்தில் போய் உட்காருவாள், எல்லாரும் எழுந்தால் எழுவாள், வாயை மட்டும் திறக்க மாட்டாள். மூன்று வருடம். கன்வென்ஷன் சமயத்தில் யாரோ அவளைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். 'எனக்கும் அவருக்கும் வழக்கு நடந்துக்கிட்டு இருக்கு, வாதியே சாட்சி சொல்ல முடியுமா?' என்று கேட்டுவிட்டாள். எனக்கு அப்போது பதினைந்து, பதினாறு வயதிருக்கும், வாய் சும்மா இருக்காத வயசு. பாடாவிட்டால் பிறகு எதற்குக் கோவிலுக்கு வருகிறீர்கள் என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. 'நான் பாடலைன்னா பாட்டு நின்னாபோச்சு? அவ்வளவு பேரு பாடுதாங்கல்லா, நடுவுல நானும் நிக்கேன்' என்றாள். பிறகு பாடினாளா என்றால், பாடினாள். கோவிலில் எல்லாருக்கும் சமைத்துப் போடுகிற ஒரு அசனப் பண்டிகையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது லேசாக முனகினாள், பக்கத்திலிருந்தவர்கள் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. பழைய குரல் மட்டும் வரவே இல்லை.

ஆகவே நம்புகிறேனா என்று உள்ளுக்குள் தோண்டித் தோண்டிப் பார்ப்பதை நிறுத்துங்கள் தங்கச்சி. பாதித் தூக்கத்தில் விளக்கைப் போட்டுத் தேடினால் சொந்தச் செருப்பே கிடைக்காது, விசுவாசமா கிடைக்கும்?

டோனாவூர் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், அந்த உதாரணம் எனக்குக் கோபத்தை உண்டாக்கிவிட்டது. அந்த அம்மா, ஏமி கார்மைக்கேல், 1931ல் விழுந்து அடிபட்டார், 1951ல் இறக்கும்வரை பெரும்பாலும் அந்த அறையிலேயே இருந்தார், அங்கிருந்தபடியே எழுதினார், உண்மை. ஆனால் இருபது வருடம் ஒருவர் படுக்கையில் இருந்தார் என்றால் இருபது வருடம் யாரோ அந்த அறையைக் கூட்டினார்கள், தலையணையைத் திருப்பிப் போட்டார்கள், ராத்திரி கண் விழித்தார்கள் என்று அர்த்தம். அங்கே அதற்கு ஒரு குடும்பமே இருந்தது. அந்த மூத்தவர் உங்களைக் கட்டிலில் இருந்தவரோடு ஒப்பிட்டுவிட்டார். உங்கள் இடம் கட்டிலுக்குப் பக்கத்தில், அதுவும் ஒற்றை ஆளாக.

இனி கொஞ்சம் திட்டப்போகிறேன். உங்கள் கடிதத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே ஒரு வரியில் வந்து போகிறார்கள். கர்த்தர்மேல் உங்களுக்கு இருக்கிற வருத்தத்தைப் பக்கம் பக்கமாக யோசித்திருக்கிறீர்கள், இவர்கள்மேல் வருத்தப்படக்கூட உங்களுக்குத் தோன்றவில்லை. அமலேக்கியரோடு யுத்தம் நடந்தபோது உயர்த்திப் பிடித்திருந்த மோசேயின் கைகள் அசந்துபோயின. அவனிடம் யாரும் விசுவாசம் போதவில்லை என்று சொல்லவில்லை. உட்கார ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டார்கள், ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவன் ஒரு பக்கமும் நின்று கையைத் தாங்கினார்கள். உங்களுக்கும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் துபாயில், வீட்டில் கல்லையும் காணோம். பாக்கியம் என்று போனில் சொல்கிறானே தம்பி, அந்தப் பாக்கியத்தில் ஒரு மாதம் அவனுக்கும் கொடுங்கள். ராத்திரி பார்த்துக்கொள்ள ஒரு ஆளை வைக்க ஆகிற சம்பளத்தை அண்ணன் கொடுக்கட்டும். கேட்க வெட்கமாக இருக்கிறதா? நான்கு வருடம் கேட்காமல் இருந்ததற்குப் பெயர் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், எனக்கு அது வீம்பு மாதிரியும் தெரிகிறது. தப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

ஓய்வுநாள் பள்ளியை மூன்று மாதத்துக்கு வேறு யாரிடமாவது கொடுங்கள். ஞாயிறன்று கோவிலுக்குப் போங்கள், தூக்கம் வந்தால் தூங்குங்கள், பிரசங்கத்தில் தூங்குகிற முதல் ஆள் நீங்கள் இல்லை.

தம்பிக்கு இன்றைக்கே எழுதுங்கள். அவன் டிக்கெட் போட்டதும் எனக்கு ஒரு வரி போடுங்கள், தேதி மட்டும் போதும்.