சொனோரா பாலைவனத்தின் தொஹோனோ ஓதாம் மக்கள் எதைச் சாப்பிட்டார்கள்? மண்பானைக்கு அதில் என்ன பங்கு?

அரிசோனாவிலும் வடக்கு மெக்சிகோவிலும் வாழும் இவர்களுக்கு சகுவாரோ என்ற ராட்சதக் கள்ளியின் பழம் முக்கிய உணவு. ஜூன் கடைசியில், கோடை மழைக்குச் சற்று முன் பழுக்கும். பல ஆள் உயரத்தில் இருப்பதால், பட்டுப்போன கள்ளியின் கழிகளையே இணைத்துக் கட்டிய நீண்ட துரட்டியால் பறிப்பார்கள். சிவந்த சதையைத் தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி, பாகாகும்வரை காய்ச்சி, மண்கலயத்தில் ஊற்றி வாயை அடைத்துவிடுவார்கள். ஒரு பங்கைப் புளிக்கவைத்து, மழை வேண்டும் சடங்கில் குடிப்பார்கள்.

பானை வனைய சக்கரம் கிடையாது. உள்ளே கல்லை அணைகொடுத்து, வெளியே மரத்தட்டியால் தட்டித்தட்டியே சுவரை மெல்லிசாக்குவார்கள். அந்தக் கைப்பக்குவம் அபாரமானது! தண்ணீர்ப் பானையில் ஈரம் கசிந்து ஆவியாவதால், கொளுத்தும் வெயிலிலும் நீர் குளிர்ந்திருக்கும்.

டெப்பாரி பயறையும் சொல்லியாக வேண்டும். கொஞ்ச மழையிலேயே விளைந்துவிடும், வேகத்தான் நேரமாகும். அருகிப்போயிருந்த அதை இப்போது மறுபடி பயிரிடுகிறார்கள்.