ஓய்வுநாள் யாருக்குச் சொன்ன கட்டளை?

அன்புள்ள ரீச்சர்,

உப்புவெளிப் பக்கம் ஒரு ஹொட்டலில் அறை துப்பரவு செய்கிற வேலை எனக்கு. சீசன் தொடங்கினால் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்கவே ஏலாது. பத்து நாளைக்கு ஒருக்கால் தருகிற லீவும் கிழமை நாளில்தான் வரும். மனேஜரிடம் கேட்டால், "சீசன் முடியட்டும், பிறகு ஆறுதலாகப் படுக்கலாம்" என்கிறார். போன மாதம் எங்கள் சபை மூப்பர் ஒருவர், ஓய்வுநாளை மீறுகிற வீட்டில் ஆசீர்வாதம் தங்காது என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டு என் பக்கம் பார்த்தார். என் அக்கா சனிக்கிழமை ஆராதிக்கிற சபைக்குப் போகிறவ. "ஞாயிறே பிழையான நாள், நீ ஏன் அதுக்கு அழுகிறாய்" என்கிறா. எனக்கு லீவு கிடைத்தாலும், வீட்டில் குவிந்த உடுப்பைத் தோய்த்து, அவருக்கும் 17 வயது மகனுக்கும் சமைத்து முடிக்கப் பொழுது பட்டுவிடும். நான் ஓய்வுநாளை மீறுகிறவளா ரீச்சர்? வேதத்தில் ஓய்வு என்று எதைச் சொல்லியிருக்கிறது?

ஒரு வாசகி, திருகோணமலை

அன்புள்ள தங்கச்சி,

நீங்கள் மீறுகிறவள் இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மிச்சத்தை எழுத எனக்குக் கை வருகிறது.

யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தை எடுத்து, அந்தக் கட்டளையை ஒருமுறை மெதுவாக வாசித்துப் பாருங்கள். "நீயானாலும், உன் குமாரனானாலும், உன் குமாரத்தியானாலும், உன் வேலைக்காரனானாலும், உன் வேலைக்காரியானாலும்" என்று போய், மிருகஜீவனையும் வாசலில் இருக்கிற அந்நியனையும் சேர்த்து முடியும். "உன் வேலைக்காரி" என்று ஒருவரிடம் சொன்னால், அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறவர் வேலைக்கு ஆள் வைத்திருக்கிறவர். வயலும் மாடும் ஆளும் உள்ள வீட்டுக்காரனைக் கூப்பிட்டுத்தான் கடவுள் அங்கே பேசுகிறார். நீங்கள் அந்தப் பட்டியலில் ஓய்வு கொடுக்கப்பட வேண்டியவர்களின் வரிசையில் நிற்கிறீர்கள். கொடுக்காதவனை விட்டுவிட்டு, கிடைக்காதவளைக் குற்றவாளியாக்குவது எந்த நியாயம்?

உபாகமம் 5இல் மோசே இதே கட்டளையைத் திரும்பச் சொல்லும்போது காரணம் மாறிவிடுகிறது. முதல் இடத்தில் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்த கடவுள். இரண்டாம் இடத்தில், நீ எகிப்திலே அடிமையாய் இருந்ததை நினை என்கிற பேச்சு. வேலைக்காரனும் வேலைக்காரியும் "உன்னைப்போல" இளைப்பாற வேண்டும் என்று அங்கே ஒரு சொல் வருகிறது. பிறனை உன்னைப்போல நேசி என்கிற லேவியராகமக் கட்டளையிலும் எபிரெயத்தில் இருப்பது அதே சொல்தான். உங்கள் முதலாளி எவ்வளவு ஆறுகிறாரோ, அவ்வளவு நீங்களும் ஆற வேண்டும் என்பதே இதன் பொருள். இதற்குக் குறைத்து வாசிக்க வழியில்லை.

உங்கள் மனேஜரின் பேச்சு எனக்கு இன்னொருவனை நினைவுபடுத்தியது. யாத்திராகமம் 5இல், சனத்தைச் சுமையிலிருந்து ஓய வைக்கிறீர்களே என்று பார்வோன் மோசேயிடம் கோபப்படுகிறான். அவன் வாயில் வருவது ஓய்வுநாள் என்ற சொல்லின் அதே எபிரெய வேர். வேதத்தில் ஓய்வைப் பற்றி முறைப்பாடு செய்கிற முதல் முதலாளி அவன். அன்றைக்கே வைக்கோல் கொடுப்பதை நிறுத்துகிறான். செங்கல் கணக்கை மட்டும் ஒன்றுகூடக் குறைக்கவில்லை. கேட்டால், சோம்பேறிகள் என்கிறான். சீசனைப் பற்றியும் நேராகவே ஒரு வசனம் இருக்கிறது, 34ஆம் அதிகாரம் 21: விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் ஓய்ந்திருப்பாயாக. வேலை மும்முரமான மாதங்களைத்தான் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறது. வெறும் மாதத்தில் ஓய்வு கொடுக்க யாருக்கும் கட்டளை தேவைப்படாதே!

"ஷபாத்" என்ற எபிரெயச் சொல்லுக்கு நிறுத்துவது, ஓய்வது என்று பொருள். தமிழில் "ஓய்வு" என்ற சொல் அதற்கு அச்சொட்டாகப் பொருந்தியிருக்கிறது. மழை ஓய்ந்தது, காற்று ஓய்ந்தது என்கிறோம். அலை ஓய்ந்த பிறகு கடலில் முழுகலாம் என்று காத்திருந்தவனின் கதையும் கடற்கரையில் பிறந்த எங்களுக்குத் தெரியும். உடுப்புத் தோய்த்து முடியட்டும், சமையல் முடியட்டும், மகனின் சோதனை முடியட்டும் என்று நாங்கள் தள்ளிப் போடுவதும் அப்படித்தான். ஓய்வுநாள் வேலை முடிந்த பிறகு வருகிற கூலி அல்ல. பொழுது பட்டால் வந்துவிடும். கையில் இருப்பதை அரைகுறையாக அப்படியே வைத்துவிட வேண்டும்.

எங்கள் ஊர்ப் பேச்சில் "ஆறுதலாக வாங்கோ", "கொஞ்சம் ஆறியிருங்கோ" என்கிறோமே, வேதத்தில் வருகிற இளைப்பாறுதலுக்குள்ளும் அந்த ஆறுதல் இருக்கிறது. இளைக்கிற மூச்சு ஆறுவது. யாத்திராகமம் 23:12இல் அடிமைப் பெண்ணின் மகனும் அந்நியனும் இளைப்பாற வேண்டும் என்று வருகிற வினை, மூச்சுக்கும் உயிருக்கும் எபிரெயத்தில் உள்ள "நெஃபெஷ்" என்ற சொல்லிலிருந்து பிறந்தது. மூச்சுவிடவும் நேரமில்லை என்று நீங்கள் சொல்வீர்களே, அதற்கு நேரெதிர். 31:17இல் கடவுள் ஏழாம் நாள் ஓய்ந்ததைச் சொல்லவும் அதே வினைதான் வருகிறது. உலகைப் படைத்தவருக்கும் அடிமையின் பிள்ளைக்கும் ஒரே சொல் போட்டிருப்பதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இனி வீட்டுக்குள் வருகிறேன். 1966இல் இலங்கையில் ஞாயிறு லீவை எடுத்துவிட்டு, பௌத்தர்களின் புனித நாளான போயா நாளை வார விடுமுறை ஆக்கினார்கள். நிலவின் கணக்கில் வந்ததால் சில கிழமைக்கு ஒரு நாள் கூடிவிடும். 1971 வரை அப்படித்தான் நடந்தது. நான் அப்போது சின்னப் பிள்ளை. ஞாயிறு கந்தோர் நாள் என்பதால் அப்பா விடிய முன்னமே எங்களைக் கோவிலுக்குக் கூட்டிப்போவார். திரும்பி வந்து அவசரமாகச் சட்டை மாற்றிக்கொண்டு சைக்கிளில் ஏறுவார். ஞாயிறு போய்விட்டதே என்று பெரியவர்கள் கவலைப்பட்டுக் கதைத்தது நினைவிருக்கிறது. இப்போது யோசித்தால், அம்மாவுக்கு எந்த நாளும் மாறவில்லை. போயா என்றாலும் ஞாயிறு என்றாலும் விடியற்காலையில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்கும். 1971இல் ஞாயிறு திரும்பி வந்தபோது எங்களுக்கு இறைச்சிக் கறியும் மத்தியான நித்திரையும் வந்தன. அம்மா அந்த நேரத்தில் கிணற்றடியில் சட்டி மினுக்கிக்கொண்டிருப்பா. கரிபிடித்த அடியைச் சாம்பலும் தும்பும் போட்டுத் தேய்த்த அவவின் முழங்கை மட்டும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அப்பா நல்ல மனிதர், வேதம் வாசிக்கிறவர். அவருக்கும் அது தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

கட்டளையின் பட்டியலில் மகன், மகள், வேலைக்காரி, மாடு எல்லாம் இருக்க, மனைவியைக் காணோம். "நீ" என்பதற்குள் அவளும் அடக்கம் என்று விளக்கம் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் எங்கள் வீடுகளில் அவளைப் பட்டியலுக்கு வெளியே விட்டே ஞாயிறைக் கொண்டாடி வந்திருக்கிறோம்.

வனாந்தரத்தில் சனத்துக்கு வானத்திலிருந்து மன்னா என்ற உணவு விழுந்தபோது ஆறாம் நாள் இரண்டு பங்கு கிடைத்தது. ஏழாம் நாளுக்கு வைத்தது நாறவில்லை, புழுக்கவும் இல்லை. ஏழாம் நாள் யாரும் சேர்க்கப் போக வேண்டியிருக்கவில்லை. நேற்று வைத்த புளிக்குழம்பும் ஒரு றாத்தல் பாணும் இருந்தால் ஒரு நாள் போகாதா தங்கச்சி?

மூப்பருக்கும் ஒரு பகுதி சொல்கிறேன், லூக்கா 13. பதினெட்டு வருடம் நிமிர ஏலாமல் கூனியிருந்த பெண்ணை இயேசு ஓய்வுநாளில் சுகமாக்குகிறார். ஜெபாலயத் தலைவனுக்குக் கோபம் இயேசுவில்தான். ஆனால் அவன் ஏசுவது சனத்தை: வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறதே, அந்த நாட்களில் வந்து சுகமாகுங்கள் என்கிறான். உங்கள் எருதையும் கழுதையையும் தொழுவத்திலிருந்து அவிழ்த்துத் தண்ணீருக்குக் கொண்டுபோகிறீர்களே, இவளைக் கட்டவிழ்க்கக் கூடாதா என்று இயேசு கேட்கிறார். கட்டில் கட்டிலாகக் குனிந்து விரிப்பின் நுனியை மெத்தைக்குக் கீழே செருகுகிற உங்கள் முதுகு அந்தப் பகுதியை வாசிக்கும்போது எனக்குத் தெரிந்தது. யூதாவின் ஆளுநராக இருந்த நெகேமியாவும் ஒன்று செய்தார். தீரு பட்டணத்தார் ஓய்வுநாளில் எருசலேமுக்குள் மீன் விற்றபோது யூதாவின் பெரியவர்களோடு வழக்காடினார், பட்டணத்து வாசல்களைப் பூட்டுவித்தார். உங்கள் ஹொட்டல் முதலாளியிடம் போய் ஒரு வார்த்தை கேட்கும் தைரியம் மூப்பருக்கு வந்தால், அது அவர் செய்த நல்ல பிரசங்கமாக இருக்கும்.

எண்ணாகமத்தில் ஓய்வுநாளில் விறகு பொறுக்கியவனைக் கல்லெறிந்த சம்பவத்தை யாராவது உங்களுக்குக் காட்டக்கூடும். அந்தப் பக்கத்தோடு எனக்கு இன்றுவரை சமாதானமில்லை. ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்று மாற்கு 2இல் இயேசு சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் அதைக் கடந்து போகிறேன்.

சனியா ஞாயிறா என்ற வழக்கில் அக்காவின் கணக்கு சரி. ஏழாம் நாள் சனிதான். யூதர்கள் வெள்ளி பொழுது பட்டதிலிருந்து அதை ஆசரிக்கிறார்கள். கிறிஸ்தவர்கள் உயிர்த்தெழுதலை நினைத்து முதலாம் நாளில் கூடினார்கள். 321இல் கொன்ஸ்தந்தீன் மன்னன் ஞாயிறைச் சட்டப்படி ஓய்வுநாள் ஆக்கினான். இரண்டு நாளும் கிடைக்காத உங்களை வைத்து இந்த வழக்கை நடத்த வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள்.

உங்களுக்கு வியாழன் லீவு வந்தால், புதன் பின்னேரம் பொழுது பட்டதிலிருந்து அது உங்கள் ஓய்வுநாள். முதலில் நித்திரை கொள்ளுங்கள். எலியா தீர்க்கதரிசி செத்தால் போதும் என்று சூரைச்செடியின் கீழ்ப் படுத்தபோது, தூதன் வந்து தட்டியெழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், திரும்பவும் படுக்கவிட்டான். ஒரு புத்தியும் சொல்லவில்லை. ஜெபம் எழும்பிய பிறகு செய்யலாம்.

மகனுக்கு 17 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கட்டளையில் "ஆறுநாளும் நீ வேலைசெய்து" என்றும் இருக்கிறது. தன் உடுப்பைத் தானே தோய்க்க அவனுக்கு வயது வந்துவிட்டது. அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதினேன். இரவு சாப்பிட்ட பிறகு இருவரையும் இருத்தி வாசித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
ரீச்சர்