மாடியில் சோலார் இருந்தால் புல்வெளியில் ஹீட்டர் போடலாமா?

சூரிய மின்சாரத்தில் ஓடும்போது திறந்தவெளி ஹீட்டரை வீண் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மாடியில் பேனல் போட்டுவிட்டு, குளிர்காலத்தில் வெளியே உட்கார நினைப்பவராக இருப்பீர்கள். வீண்தான் என்பது என் பதில்.

தில்லி மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பில் இரண்டு வருடங்களுக்கு முன் டிசம்பர் கடைசி இரவு விருந்துக்கு, ஒவ்வொன்றும் 2,000 வாட் கொண்ட நான்கு ஹீட்டர்களை வாடகைக்கு எடுத்தார்கள். "சோலார் நம்முடையது, யாருக்கு நஷ்டம்?" என்றார் சங்கப் பொருளாளர். கணக்குப் போட்டுக் காட்டினேன். ஐந்து மணி நேரத்துக்கு 40 யூனிட். ஒரு கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளொன்றுக்குத் தருவது ஏறக்குறைய 4 யூனிட். பனிமூட்டத்தில் அதுவும் குறையும். இரவு எட்டு மணிக்குப் பேனலில் எதுவும் வராது, அப்போது கம்பியில் வருவது பெரும்பாலும் நிலக்கரி மின்சாரம். பகலில் கொடுத்ததை இரவில் கழித்துக்கொள்ளும் நெட் மீட்டரிங்கால் பில் குறையலாம். ஆனால் அந்த 40 யூனிட்டை விட்டிருந்தால் அவ்வளவு நிலக்கரி மிஞ்சியிருக்கும்.

இன்ஃப்ராரெட் ஹீட்டர் காற்றை அல்ல, ஆளைத்தான் சூடாக்கும் என்று யாராவது வருவார்கள். உண்மைதான், கேஸ் ஹீட்டரைவிட அது மேல். ஆனால் காலி நாற்காலிகளும் புல்லும் சேர்ந்துதானே காய்கின்றன? பிரான்சில் 2022 முதல் பொது இடத்தில் உணவகங்கள் வைக்கும் திறந்தவெளி ஹீட்டர்களுக்குத் தடையே இருக்கிறது.

எனக்கு உறுத்துவது வேறு. அதே மாதம்தான் வாசல் காவலாளியின் அறைக்கு ஒரு ஹீட்டர் கேட்டேன். "பில் ஏறும்" என்று மறுத்தார்கள். அவர் பால் கவரையும் பிளைவுட் துண்டையும் எரித்துக் குளிர்காய்ந்தார். தொப்பியெல்லாம் பசை கருகிய நாற்றம். என் வண்டி எண்ணைப் பதிவேட்டில் எழுதும் முன், உறைந்த பேனாவை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டிக்கொண்டு, "ஒரு நிமிடம் சாப்" என்றார். காவலாளிகள் குப்பையை எரிக்காமலிருக்கக் குடியிருப்புச் சங்கங்களே மின் ஹீட்டர் தரவேண்டும் என்று தில்லியின் காற்று மாசுக் கட்டுப்பாட்டு விதியே சொல்கிறது. அறையை மூடிக்கொண்டு அங்கீட்டி என்னும் கரியடுப்பை எரித்து ஒவ்வொரு குளிர்காலத்திலும் இந்த ஊரில் ஆட்கள் சாகிறார்கள்.

கடைசியில் நானே வாங்கிக் கொடுத்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன். கதவடைத்த சிறிய அறையில் 400 வாட் கம்பி ஹீட்டர் ஒன்று போதும், இரவு முழுக்க எரிந்தாலும் நான்கு யூனிட். இதை நான் வீண் என்று சொல்லவே மாட்டேன்.

  

நீங்கள் வெளியே உட்காருங்கள். ஆளுக்கொரு கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள். ஹீட்டர் வாங்கியே ஆகவேண்டும் என்றால் உங்கள் தெருக் காவலாளியின் அறை எப்படி இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு வாருங்கள்.